பனை வைத்துவிட்டுப் போன ராணுவ மந்திரி
வி.கே.கிருஷ்ணமேனன் வாழ்க்கை வரலாறு

1971-ம் ஆண்டு நவம்பர் மாதம். வடக்கு அந்தமானில் உள்ள போர்ட் கார்ன்வாலிஸ் துறைக்குள் ஒரு பெரிய போர்க்கப்பல் ஓசைப்படாமல் வந்து நங்கூரம் போட்டது.

அதுதான் விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த். அதைத் தேடி பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கிக் கப்பல் வங்கக் கடலில் சுற்றிக் கொண்டிருந்தது. காஜி தேடியது விசாகப்பட்டினத்தின் பக்கம். விக்ராந்த் இருந்ததோ அந்தமான் காடுகளின் மறைவில்!

டிசம்பர் 3-ந் தேதி நள்ளிரவை ஒட்டி காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் மூழ்கியது. மறுநாள் விக்ராந்தில் இருந்து புறப்பட்ட விமானங்கள் காக்ஸ் பஜாரிலும் சிட்டகாங்கிலும் குண்டு வீசின. வங்காளதேசம் பிறந்தது.

இந்தக் கப்பலை வாங்குவதென்று முடிவானது 1957-ம் ஆண்டு. அது கட்டி முடிந்து கடற்படையில் சேர்ந்தது 1961-ம் ஆண்டு. போரில் பயன்பட்டது 1971-ம் ஆண்டு. முடிவெடுத்து 14 ஆண்டுகள் கழித்துத்தான் பலன் கிடைத்தது.

கப்பல் கடற்படையில் சேர்ந்தபோது ராணுவ மந்திரியாக இருந்தவர் வி.கே.கிருஷ்ணமேனன். அது போரில் வென்றபோது அவர் மந்திரி அல்ல; பழி சுமந்து பதவி இழந்தவர்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்பார்கள். ராணுவத் தளவாடம் வாங்குவது பனை வைக்கிற வேலை. அந்தப் பாடத்தைத் தம் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்துக் கற்பித்தவர் கிருஷ்ணமேனன்.

சென்னையில் படித்தவர்

1896-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி மலபாரில் பிறந்தார் கிருஷ்ணமேனன். அன்று மலபார், சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை கோமத் கிருஷ்ண குரூப், வசதி படைத்த வக்கீல்.

கோழிக்கோட்டில் பள்ளிப் படிப்பை முடித்த மேனன், சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். பிறகு சென்னை சட்டக் கல்லூரியில் படித்தார். மகன் தம்மைப்போல் வக்கீல் ஆவான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனின் மனமோ அடையாறில் இருந்த அன்னிபெசண்ட் அம்மையாரின் சுயஆட்சி இயக்கத்தில் இருந்தது.

1924-ம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் நினைப்பு. 28 ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்!

லண்டனில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிறிய அறை. சாப்பாட்டுக்குப் பதில் தேநீர். தேநீரோடு ஒரு ரொட்டித் துண்டோ பிஸ்கோத்தோ. அதிலும் படிப்பை விடவில்லை. லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் பாடம் கேட்டார். 1934-ல் பாரிஸ்டர் ஆனார்.

இந்தியா லீக் என்ற அமைப்பைத் தூக்கி நிறுத்தி, இந்தியாவுக்கு விடுதலை கொடு என்று இங்கிலாந்து மக்களிடமே பிரசாரம் செய்தார். 1934 முதல் 1947 வரை லண்டன் செயிண்ட் பாங்கரஸ் பகுதியில் கவுன்சிலராகவும் இருந்தார். வெள்ளைக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஓர் இந்தியரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெலிகன் என்ற பெயரில் மலிவு விலையில் அறிவு நூல்கள் வந்தபோது, அந்த வரிசையின் முதல் ஆசிரியர்களில் இவரும் ஒருவர்.

லண்டன் வரும்போதெல்லாம் நேரு சந்தித்த நண்பர் கிருஷ்ணமேனன். அந்த நட்பே பின்னால் அவரை உயர்த்தியது. அதுவே அவருக்கு எதிரிகளையும் சேர்த்துக் கொடுத்தது.

ஜீப் விவகாரம்

1947-ம் ஆண்டு நாடு விடுதலை அடைந்ததும் லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனராக மேனன் நியமிக்கப்பட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் காஷ்மீரில் சண்டை மூண்டது. படையினரை மலைப்பாதையில் கொண்டு செல்ல வண்டிகள் இல்லை. உடனே ஜீப்புகள் வாங்கி அனுப்பும்படி டெல்லியில் இருந்து லண்டனுக்கு அவசரத் தகவல் போனது.

இரண்டாம் உலகப்போரில் ஓடிய பழைய ஜீப்புகளைப் பழுது பார்த்துத் தருவதாக ஒரு சிறு கம்பெனி முன்வந்தது. 2 ஆயிரம் ஜீப்புகளுக்கு ஒப்பந்தம். தொகை சுமார் ரூ.80 லட்சம். அந்தக் காலத்தில் அது பெரும் பணம்!

வழக்கமான நடைமுறைகள் பின்பற்றப்படவில்லை. கம்பெனியின் பண பலமும் தொழில் பலமும் சரியாக விசாரிக்கப்படவில்லை. சரக்கு கைக்கு வருமுன்பே பணத்தில் பெரும் பகுதி கொடுக்கப்பட்டது.

முடிவில் வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். சென்னைத் துறைமுகத்தில் அவற்றை இறக்கிப் பார்த்த ராணுவ அதிகாரிகள் திடுக்கிட்டார்கள். ஒன்றும் ராணுவ வேலைக்கு உதவாது என்று தள்ளிவிட்டார்கள். காஷ்மீர் சண்டைக்கு அவை பயன்படவே இல்லை.

பாராளுமன்றத்தில் புயல் வீசியது. கணக்குக் குழு கண்டித்தது. விசாரணை வேண்டும் என்று உறுப்பினர்கள் குரல் எழுப்பினார்கள். 1955-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி மத்திய அரசு இந்த விவகாரத்தை இத்துடன் முடித்துக் கொள்வதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணமேனன் இலாகா இல்லாத மந்திரியாகப் பதவி ஏற்றார்!

மேனன் தம் பைக்குள் ஒரு காசு போட்டுக் கொண்டதாக யாரும் நிரூபிக்கவில்லை. அவருடைய வாழ்க்கை எளிமையானது. ஹைகமிஷனர் பதவிக்குப் பெயரளவு சம்பளமே வாங்கியவர். ஆனால் நேர்மை மட்டும் போதாது என்பதற்கு இந்த ஜீப் விவகாரமே சாட்சி.

அரசு அலுவலகத்தில் சாமான் வாங்கும் பிரிவில் வேலை பார்த்த எந்தக் குமாஸ்தாவுக்கும் இது புரியும். முதலில் தேவை என்ன என்று எழுத வேண்டும். பிறகு டெண்டர். விலை கொடுக்கிறவன் சரக்கும் கொடுக்கக் கூடியவனா என்று பார்க்க வேண்டும். மாதிரியைச் சோதிக்க வேண்டும். சரக்கு வந்ததும் எண்ணிப் பார்த்து, தரம் பார்த்து, பிறகுதான் பில் பாஸ் ஆகும். ஸ்டோரில் ஒரு பெட்டி ஆணி வாங்கவே இத்தனை கையெழுத்து!

அவசரம் என்று சொல்லி இதில் ஒரு படியைத் தாண்டினாலும், தாண்டிய இடத்தில்தான் பள்ளம் இருக்கும். அவசரத்துக்கு வாங்கிய ஜீப், அவசரத்துக்கு உதவவில்லை.

மந்திரி பதவி

1952 முதல் ஐ.நா. சபையில் இந்தியாவின் குரலாக ஒலித்தார் மேனன். 1953-ம் ஆண்டு சென்னை ராஜ்யத்தில் இருந்துதான் அவர் ராஜ்யசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-ம் ஆண்டு ஜனவரியில் பாதுகாப்பு சபையில் காஷ்மீர் பற்றி இரண்டு நாட்களில் ஏறத்தாழ 8 மணி நேரம் பேசினார். பேச்சின் களைப்பில் மயங்கி விழுந்தார். நாடெங்கும் அவர் பெயர் பரவியது.

அந்த ஆண்டு தேர்தலில் வடக்கு பம்பாய் தொகுதியில் வென்று, ஏப்ரலில் ராணுவ மந்திரி ஆனார்.

அவர் பொறுப்பேற்றபோது நிலைமை என்ன? துப்பாக்கி, வண்டி, விமானம், கப்பல் என்று முக்கியமான எல்லாவற்றுக்கும் வெளிநாட்டையே நம்பி இருந்தோம். பெரும்பாலும் இங்கிலாந்து. அவர்கள் கொடுத்தால் உண்டு. விலையும் அவர்கள் சொன்னதே. வாங்கிய விமானத்துக்கு ஒரு சிறு திருகாணி வேண்டும் என்றாலும் லண்டனுக்கு எழுத வேண்டும்.

இந்தத் தீவுகளில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. சிமெண்டும் இரும்பும் மருந்தும் மளிகையும் சென்னையிலோ கல்கத்தாவிலோ ஏற்றினால்தான் இங்கே இறங்கும். கப்பல் தாமதமானால் கடையில் வெங்காயம் இருக்காது. அடுத்தவன் கையை எதிர்பார்த்து வாழ்வது என்றால் என்ன என்று தீவுக்காரனுக்குத் தெரியும்.

நாமே செய்ய வேண்டும் என்று மேனன் முடிவு செய்தார். ஜீப் விவகாரத்தில் கை சுட்டுக் கொண்டவர் எடுத்த முடிவு அது.

என்னென்ன செய்தார்?

1958-ம் ஆண்டு ராணுவ ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம் அமைக்கப்பட்டது. தனித்தனியாக இருந்த தொழில்நுட்பப் பிரிவுகளும் ராணுவ விஞ்ஞானப் பிரிவும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பின்னாளில் அக்னி, பிருத்வி ஏவுகணைகளைத் தந்தது இந்த நிறுவனமே. நம் ராமேசுவரத்து அப்துல் கலாம் தம் உத்தியோக வாழ்க்கையைத் தொடங்கியதும் இதில்தான்.

ஜபல்பூரில் ராணுவத் தொழிற்சாலையில் ஜெர்மன் கம்பெனியின் உதவியோடு சக்திமான் லாரிகள் தயாராயின. அந்த லாரிகள் பல பத்து ஆண்டுகள் இமயமலைப் பாதைகளில் ஓடின.

கான்பூரில் ஆவ்ரோ போக்குவரத்து விமானம் தயாரிக்கப்பட்டது. அது 1961-ம் ஆண்டு நவம்பரில் முதல் முறையாகப் பறந்தது.

பம்பாயில் உள்ள மசகான் கப்பல் கட்டும் துறையையும் கல்கத்தாவில் உள்ள கார்டன்ரீச் துறையையும் 1960-ம் ஆண்டு மத்திய அரசு வாங்கியது. 1972-ல் மசகானில் இருந்து நீலகிரி என்ற போர்க்கப்பல் கடற்படையில் சேர்ந்தது. கப்பலுக்கு நம் மலையின் பெயர்!

உலகப்போருக்குப் பின் பல ராணுவத் தொழிற்சாலைகளில் எந்திரங்கள் சும்மா கிடந்தன. தொழிலாளர்களுக்குப் போதிய வேலை இல்லை. அந்த எந்திரங்களில் பொதுமக்களுக்கான பொருள்களையும் செய்யச் சொன்னார் மேனன். காப்பி போடும் எந்திரம்கூடத் தயாரானது. பின்னால் இதுவே அவரைக் குத்தும் ஈட்டி ஆயிற்று.

ஆவடி டாங்கித் தொழிற்சாலை

சென்னையில் இருந்து அரக்கோணம் போகும் ரெயிலில் ஏறியவர்கள் ஆவடியைப் பார்க்காமல் இருக்க முடியாது. அங்கே உள்ள டாங்கித் தொழிற்சாலை பல ஆயிரம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதற்கு வித்திட்டது மேனன் காலத்தில்தான்.

ஒரு டாங்கி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் தளவாடத் திட்டம் என்றால் என்ன என்பது விளங்கும்.

முதலில் ராணுவம் தன் தேவையைச் சொல்ல வேண்டும். எவ்வளவு எடை? நம் பாலங்கள் தாங்குமா? ரெயில் வண்டியில் ஏற்ற முடியுமா? எவ்வளவு பெரிய பீரங்கி? எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள்? நம் வெயிலிலும் புழுதியிலும் என்ஜின் ஓடுமா?

அடுத்து, யாரிடம் வாங்குவது? வாங்கினால் மட்டும் போதுமா, செய்முறையையும் கற்றுத் தருவார்களா? இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியோடு 1961-ம் ஆண்டு ஒப்பந்தம் ஆனது. டாங்கியின் எடை சுமார் 38 டன். பீரங்கியின் குழாய் 105 மில்லி மீட்டர். உள்ளே 4 பேர்.

1963-ல் மாதிரி டாங்கி தயாரானது. சோதனை ஓட்டம் நடந்தது. முதலில் சில டாங்கிகள் இங்கிலாந்திலேயே செய்யப்பட்டு வந்தன. அடுத்து, அங்கிருந்து வந்த பாகங்களை ஆவடியில் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக நாமே செய்யப் பழகினோம். 1965-ம் ஆண்டு இறுதியில் ஆவடியில் இருந்து முதல் டாங்கி வெளிவந்தது. அதற்கு விஜயந்தா என்று பெயர்.

ஒப்பந்தம் முதல் உருப்படி வரை 4 ஆண்டுகள். எல்லாப் பாகத்தையும் சொந்தமாகச் செய்ய மேலும் பல ஆண்டுகள். அதிலும் என்ஜின் அடிக்கடி சூடேறித் தொல்லை கொடுத்தது. ஆனாலும் சுமார் 2 ஆயிரம் விஜயந்தாக்கள் ஆவடியில் தயாராயின. 1971-ம் ஆண்டு போரில் அவை களத்தில் நின்றன.

1961-ல் கையெழுத்துப் போட்டவர், 1965-ல் முதல் டாங்கி வெளிவந்த விழாவில் மந்திரியாக இல்லை.

விமானத்துக்கு என்ஜின் இல்லை

எல்லாத் திட்டமும் இப்படிப் பலன் தரவில்லை. பெங்களூரில் ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் மாருத் என்ற போர் விமானம் உருவாயிற்று. 1961-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி அது பறந்தது. ஆசியாவில் அன்று எத்தனை நாடுகளால் அப்படி ஒரு விமானத்தைச் செய்ய முடிந்தது?

ஆனால் அதற்கு ஏற்ற என்ஜின் இல்லை. விமானத்தின் உடல் ஒலியைவிட வேகமாகப் பறப்பதற்கு அமைந்தது. கிடைத்த என்ஜினுக்கு அந்தச் சக்தி இல்லை. வேண்டிய என்ஜினை வளர்க்க இங்கிலாந்து கம்பெனி பணம் கேட்டது. அரசு தயங்கியது. வேறு நாடுகளில் தேடினார்கள். பொருந்தவில்லை. 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1971 போரில் நன்றாகவே பணியாற்றின. ஆனால் எதற்காக உருவாக்கினார்களோ அந்த வேகத்தை மாருத் கடைசி வரை எட்டவில்லை.

வண்டியைச் செய்துவிட்டு மாட்டைத் தேடிய கதை இது. திட்டத்தில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் சங்கிலி முழுவதும் பலவீனம்தான்.

1962-ம் ஆண்டு ஆகஸ்டில் ரஷியாவோடு மிக் விமான ஒப்பந்தம் ஆனது. அமெரிக்காவும் இங்கிலாந்தும் எதிர்த்தன. மேனன் அசையவில்லை. விமானத்தை விற்பதோடு இந்தியாவிலேயே தயாரிக்கவும் ரஷியா சம்மதித்தது. அதுதான் அவருக்கு முக்கியம். நாசிக், கோராபுட், ஐதராபாத் ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. மிக்-21 விமானங்கள் 60 ஆண்டுகளுக்கு மேல் நம் விமானப் படையில் இருந்து, 2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி ஓய்வு பெற்றன. இடையில் நடந்த பல விபத்துகளில் விமானிகள் உயிரிழந்த சோகமும் உண்டு.

சீனப் படையெடுப்பு

ஒப்பந்தம் ஆன இரண்டே மாதத்தில் இடி விழுந்தது.

1962-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி சீனப் படை எல்லையில் பாய்ந்தது. லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் நம் ஜவான்கள் உயிரைக் கொடுத்துப் போரிட்டார்கள். பலருக்குப் பனிக்கேற்ற உடை இல்லை. காலில் கான்வாஸ் பூட்ஸ். கையில் ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளை இழுத்துச் சுட வேண்டிய பழைய 303 துப்பாக்கி. எதிரியிடம் தானாகவே குண்டு பொழியும் துப்பாக்கிகள்.

நாடு கொதித்தது. டாங்கிக்கும் விமானத்துக்கும் திட்டம் போட்ட மந்திரி, ஜவானுக்குக் கம்பளிச் சட்டை கொடுக்கவில்லையே என்று கேட்டார்கள். காப்பி எந்திரம் செய்தவர் துப்பாக்கி செய்யவில்லையே என்று பாராளுமன்றத்தில் சாடினார்கள்.

குற்றம் முழுவதும் அவருடையதா? பணம் கொடுத்தவர்கள் கை இறுக்கிப் பிடித்தார்கள். 1957-ம் ஆண்டு முதல் அன்னியச் செலாவணிக்குப் பெரும் பஞ்சம். நாட்டின் வருமானத்தில் சுமார் 2 சதவீதமே ராணுவத்துக்குச் செலவானது. அணையும் உரமும் பள்ளியும் முதலில் வரட்டும் என்றது அரசு. அதுவும் ஏழை நாட்டுக்கு நியாயமான எண்ணமே.

ஆனால் மேனனிடமும் குறை இருந்தது. பாகிஸ்தானைத்தான் எதிரியாக நினைத்தார், சீனாவை நினைக்கவில்லை. தளபதிகளிடம் முள் போலப் பேசுவார். 1959-ம் ஆண்டு தரைப்படைத் தலைமைத் தளபதி திம்மையா ராஜினாமாக் கடிதமே கொடுத்தார். நேரு சமாதானம் செய்து திரும்பப் பெற வைத்தார். உயர் பதவி நியமனங்களில் மேனன் தலையிட்டதாகப் பெருங்குறை எழுந்தது.

ஆயுதத் திட்டம் என்பது காகிதத்தில் போடுகிற கணக்கு மட்டும் அல்ல. ஆயுதத்தைத் தூக்குகிறவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பத்து ஆண்டுக்குப் பின் வரப்போகும் டாங்கியும் வேண்டும். நாளைக் காலையில் தேவைப்படும் பூட்ஸும் வேண்டும். மேனன் முதலாவதைப் பார்த்தார். இரண்டாவதைத் தவறவிட்டார். அதற்கு விலை கொடுத்தவர்கள் பனிமலையில் மடிந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

பதவி போயிற்று

அக்டோபர் 31-ந் தேதி ராணுவ இலாகாவை நேரு தாமே எடுத்துக் கொண்டார். மேனனுக்குப் புதிதாக ஓர் இலாகா கொடுக்கப்பட்டது. அதன் பெயர் ராணுவ உற்பத்தி இலாகா!

எந்த வேலையை அவர் ஐந்து ஆண்டுகளாகச் செய்து வந்தாரோ, அந்த வேலைக்கே தனி இலாகா பிறந்தது. ஆனால் அதில் அவர் இருந்தது ஒரே வாரம். காங்கிரஸ் உறுப்பினர்களே அவர் போக வேண்டும் என்று நின்றார்கள். நேருவாலும் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 7-ந் தேதி மேனன் ராஜினாமா செய்தார்.

ஒய்.பி.சவான் ராணுவ மந்திரியாக வந்தார். 1964-ம் ஆண்டு முதன்முறையாக ராணுவத்துக்கென்று ஐந்தாண்டுத் திட்டம் போடப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு கையில் உள்ள பணத்துக்கு வாங்குவது போய், முன்கூட்டியே தேவையைக் கணக்கிடும் முறை வந்தது. ஜவான்களுக்குப் புதிய துப்பாக்கிகளும் இந்தியாவிலேயே தயாராயின.

மேனன் 1967-ம் ஆண்டு காங்கிரசை விட்டு விலகி பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1969-ல் மேற்கு வங்காளத்தில் உள்ள மிட்னாப்பூரில் நடந்த இடைத்தேர்தலிலும், 1971-ல் திருவனந்தபுரத்திலும் வென்றார். சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாக வாதாடினார். கல்யாணம் செய்து கொள்ளாதவர். 1974-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி டெல்லியில் காலமானார்.

இன்று

ஜீப் விவகாரத்துக்குப் பிறகும் எத்தனையோ ஆயுத பேரங்கள் சந்தி சிரித்தன. ஒவ்வொரு முறையும் விதிகள் இறுகின. 2001-ம் ஆண்டு தளவாடம் வாங்க மந்திரி தலைமையில் தனிக் கவுன்சில் ஏற்பட்டது. 2002 முதல் எழுதி வைத்த நடைமுறையும் வந்தது.

இப்போது படைகள் தேவையைச் சொன்னதும், அது அவசியம்தானா என்று அந்தக் கவுன்சில் முதலில் ஒப்புதல் தர வேண்டும். பிறகு கம்பெனிகளிடம் விவரம் கேட்பார்கள். காகிதத்தில் தேறியதைப் பாலைவனத்திலும் பனிமலையிலும் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பின்புதான் விலைப் பேச்சு. பெரிய தொகை என்றால் மந்திரிசபைக் குழு வரை போகும். இந்தியாவில் தயாராவதற்கே முதலிடம்.

இதனால் தவறு குறைந்தது. ஆனால் தாமதம் கூடியது. விதியைத் தாண்டினால் உதவாத ஜீப் வருகிறது. விதியிலேயே கிடந்தால் ஜீப் வருவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே போகிற பாதைதான் கஷ்டமானது.

அந்தமானுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சீனப் போர் நடந்த 1962-ம் ஆண்டில்தான் போர்ட் பிளேயரில் கடற்படையினரின் சிறு முகாம் ஏற்பட்டது. 1964-ல் ஜாரவா கடற்படைத் தளம் தொடங்கியது. 2001-ல் முப்படைகளுக்கும் ஒரே தலைமையகம் வந்தது. 2024-ல் போர்ட் பிளேயரின் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது.

போர்க்கப்பல்களைத் தூக்கிப் பழுது பார்க்க இங்கே மிதக்கும் துறை ஒன்று 1987-ம் ஆண்டு வந்தது. அது ஜப்பானில் கட்டியது. அந்தமானுக்கென்று அடுத்த மிதக்கும் துறை 2017-ம் ஆண்டு கடலில் இறங்கியது. அதைக் கட்டிய இடம் சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளி! 30 ஆண்டுகளில் ஜப்பான் போய் காட்டுப்பள்ளி வந்தது.

பழைய விக்ராந்த் 1997-ம் ஆண்டு ஓய்வு பெற்று, பின்னர் உடைக்கப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய புதிய விக்ராந்த் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி கடற்படையில் சேர்ந்தது. பழையது இங்கிலாந்தில் வாங்கியது. புதியது கொச்சியில் நம் கையால் கட்டியது.

ஆவடித் தொழிற்சாலை 2021-ம் ஆண்டு முதல் மத்திய அரசின் புதிய கம்பெனி ஒன்றின் கீழ் நடக்கிறது. விஜயந்தா போய், அர்ஜுன் டாங்கி அங்கே தயாராயிற்று. ஷிப்டு மாறும் நேரத்தில் சாப்பாட்டுத் தூக்குடன் ஆவடி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் கிருஷ்ணமேனன் பெயரை நினைப்பவர் எத்தனை பேர்?

பனையின் நுங்கைத் தின்பவர்கள் அதை வைத்தவனை நினைப்பதில்லை. ஆனால் பனை நிற்கிறது.